எளிய இயந்திரங்கள்: பெயர் சொல்கிறார்கள், ஆனால் புரியவில்லை. எப்படிச் சொல்லித்தருவது?

களக்காடு மாலைவகுப்பு (கேள்வி)

வணக்கம். களக்காடு பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாம் கையில் பிடித்து வளர்ந்தவர்கள்.

எளிய இயந்திரங்கள் பாடம் எடுத்தேன். நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும் என்று ஆறையும் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். கத்தரிக்கோல் எந்த வகை, பாக்குவெட்டி எந்த வகை என்றாலும் பதில் வருகிறது. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, எங்க வீட்டுக் கிணத்துல ஒத்தை உருளைதான் கெடக்கு. குடத்துக் கனம் கொறையவே இல்லையே. அப்ப அது மெஷின் இல்லையா?" விசையின் திசையை மாற்றுகிறது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "திசையை மாத்துனா என்ன லாபம்?" என்றான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை.

இன்னொரு பெண், "இயந்திரம் வேலையைக் குறைக்கும்" என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிக் காட்டுவது?

ஆய்வகம் கிடையாது. பள்ளியிலிருந்து ஒரு சுருள்வில் தராசு இரவல் கிடைக்கும். மற்றபடி வீட்டில், தெருவில், தோட்டத்தில் இருப்பதை வைத்துத்தான் செய்யவேண்டும். எதில் தொடங்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


அம்பாசமுத்திரம் அறிவியல் ஆசிரியர் (ஓய்வு)

அம்மா, அந்தப் பையனின் கேள்வியிலேயே தொடங்குங்கள். பாடத்தின் மையமே அதுதான்.

முதலில் அவன் சொன்னது உண்மை என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் பாதி தண்ணீர் வையுங்கள். சுருள்வில் தராசில் மாட்டி நேராகத் தூக்கச் சொல்லி, காட்டும் அளவைக் கரும்பலகையில் எழுதுங்கள். அப்புறம் அதே வாளியை உருளை வழியாக, தராசைக் கயிற்றின் மறுமுனையில் மாட்டி இழுக்கச் சொல்லுங்கள். அளவு குறையாது. உருளை துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் கூடவே காட்டும், உராய்வு இருக்கிறதே! கனம் குறையவில்லை என்று அவன் சொன்னதைத் தராசும் சொல்லிவிட்டது.

இப்போது அவனை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி, குனிந்து, வாளியை வெறும் கையால் மேலே இழுக்கச் சொல்லுங்கள். கையும் முதுகும்தான் இழுக்கும். கிணற்று உருளையில் கீழ்நோக்கி இழுக்கும்போது அவன் உடம்பின் எடையே கயிற்றில் தொங்குகிறது. 30 கிலோ பையன் 10 கிலோ வாளியை உருளையில் இழுக்கத் தனியாகப் பலம் காட்டவேண்டியதில்லை, உடம்பைச் சாய்த்தாலே போதும். கைப்பிடிச்சுவரைத் தாண்டி எட்டிப்பார்க்கவும் வேண்டாம், கயிறும் கல்லில் உரசித் தேயாது. திசையை மாற்றியதில் கிடைத்த லாபம் இவ்வளவும்.

இதோடு நிறுத்தாமல், உருளையை எடுத்து வாளியின் பிடியிலேயே மாட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை மேலே உத்தரத்தில் கட்டி, கயிற்றை உருளைக்குக் கீழே கொடுத்து, மறுமுனையை மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். தராசு ஏறக்குறைய பாதிதான் காட்டும், உருளையின் எடை கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். சத்தம் அடங்கியதும் கயிற்றில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். வாளி 50 செ.மீ. ஏறும்போது சிவப்பு நூல் எவ்வளவு போனது என்று அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் வரும். பாதி விசை, இரண்டு மடங்கு தூரம். இரண்டையும் பெருக்கினால் பழைய கணக்கே வரும். "வேலையைக் குறைக்கும்" என்று எழுதிய பெண்ணை விட்டே பெருக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் திருத்தவேண்டியிராது.

நான் வகுப்பு எடுத்த காலம் முழுக்க ஆறு பெயர்களைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்கு முன்னால் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்வி: கை எவ்வளவு நகர்ந்தது, பொருள் எவ்வளவு நகர்ந்தது? ஸ்கேலை வைத்து அளக்கவேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. கை அதிகம் நகர்ந்தால் விசையில் லாபம், பொருள் அதிகம் நகர்ந்தால் தூரத்தில் லாபம். இரண்டும் சேர்ந்து ஒரு கருவியில் கிடைக்காது. 1600ஆம் ஆண்டையொட்டி கலிலியோ நிறுவியதும் இதுதான்: இந்தக் கருவிகள் ஆற்றலை உண்டாக்குவதில்லை, மாற்றித்தான் தருகின்றன.

ஆறு என்ற எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் ஐந்துதான் சொன்னார், சாய்தளம் அதில் இல்லை, பின்னால் சேர்ந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பட்டியல் என்பது மனிதர்கள் வகுத்ததுதான் என்று தைரியம் வரும்.

நெம்புகோலுக்கு வகுப்புக் கதவே போதும். ஒரே விரலால் கைப்பிடிப் பக்கம் தள்ளட்டும். பிறகு கீலுக்குப் பக்கத்தில், 10 செ.மீ. தள்ளி, தள்ளட்டும். கைப்பிடி 80 செ.மீ. தூரத்தில் இருந்தால், இங்கே எட்டு மடங்கு விசை வேண்டும். விரல் வலிக்கும், மறக்கவே மறக்காது. அதன்பின் 30 செ.மீ. மரஸ்கேலை எடுத்து, 15 கோட்டில் துணி கிளிப் மாட்டி நூலில் தொங்கவிடுங்கள். (பென்சில் மேல் ஸ்கேலை வைக்கச் சொல்வார்கள். அது ஆடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள்.) ஒரே அளவு நட்டுகளை நூலில் கட்டிக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 12 செ.மீ.இல் ஒரு நட்டு. மறுபக்கம் இரண்டு நட்டை எங்கே தொங்கவிட்டால் சமமாகும்? மூன்றை? விடையைச் சொல்லாதீர்கள். 6, 4 என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு இதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், அதுவரை காத்திருங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்திருப்பார்கள். வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த முறை தேருக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு அடியில் நீளமான தடி போட்டு, மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். நின்ற தேரைக் கிளப்புவது அந்தத் தடிதான். முன்னால் சக்கரத்துக்குக் கீழே சறுக்குக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஆப்பின் வேலை. அவ்வளவு பெரிய தேர், அடியில் ஒரு கைக்கட்டை! அதைக் கொடுக்கிறவர்களின் கண்ணும் கையும் தப்பக்கூடாது. அவர்களைப் பற்றி வகுப்பில் மரியாதையாகப் பேசுங்கள்.


கோவை லேத் பட்டறை

நான் ஆசிரியர் இல்லை, பட்டறை வைத்திருப்பவன். சார் எழுதியதில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, திருகு. முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றிக் காட்டுவது நல்லதுதான், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள் டீச்சர். 10 மி.மீ. போல்ட்டும் நட்டும் ஒன்று வாங்குங்கள். சாதாரண மரையில் நட்டை ஒரு சுற்று சுற்றினால் 1.5 மி.மீ. நகரும். ஒரு சுற்றுக்கு ஸ்கேலில் சரியாகத் தெரியாது, பத்து சுற்று சுற்றி அளக்கச் சொல்லுங்கள், 15 மி.மீ. வரும். இப்போது ஸ்பேனரில் கை பிடிக்கும் இடம் போல்ட்டின் மையத்திலிருந்து 15 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்குக் கை 94 செ.மீ. சுற்றி வருகிறது. 94 செ.மீ. எங்கே, 1.5 மி.மீ. எங்கே! 600 மடங்குக்கு மேல். கணக்கில் வருகிற அந்த 600 கையில் கிடைக்காது. அதில் பெரும் பங்கை உராய்வு எடுத்துக்கொள்ளும்.

உராய்வை எதிரி மாதிரி சொல்லித்தராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கார் ஜாக்கியைச் சுற்றி வண்டியைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் வண்டி அப்படியே நிற்கிறது. ஏன்? மரையில் உராய்வு பிடித்துக்கொண்டிருக்கிறது. உராய்வு இல்லையென்றால் கையை விட்டதும் ஜாக்கி தானாகத் திரும்பிச் சுற்றி வண்டி இறங்கிவிடும். மரத்தில் அடித்த ஆப்பு வெளியே வராததும் இதனால்தான். பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வரும் பசங்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இது.

இரண்டாவது, சைக்கிள். இயந்திரம் என்றாலே விசையைப் பெருக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்த சைக்கிள் ஊருக்குள் நிச்சயம் இருக்கும். தரையில் கோடு போட்டு, பெடலை மிகச் சரியாக ஒரு சுற்று சுற்றித் தள்ளிப்போய் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 5 மீட்டர் வரும். பெடலில் கால் சுற்றிய தூரம் ஒரு மீட்டர்தான். கால் கொஞ்சமாக நகர்கிறது, வண்டி ஐந்து மடங்கு போகிறது. அப்படியானால் விசை ஐந்தில் ஒன்றாகக் குறையவேண்டுமே? குறைகிறது. அதனால்தான் மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறோம். பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் உள்ள சின்னதிலும் பல்லை எண்ணச் சொல்லுங்கள், வகுத்துப் பார்க்கட்டும். செயினில் விரலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.


மதுரை தொடக்கப்பள்ளி

நெம்புகோலை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று மனப்பாடம் செய்யவைப்பதை நான் நிறுத்தியே விட்டேன். காரணம் சமையலறை இடுக்கி. இடுக்கி மூன்றாம் வகை என்று குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு வருவார்கள். நம் வீட்டில் சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் இடுக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆணி நடுவில் இருக்கிறது, பாத்திரம் ஒரு பக்கம், கை மறுபக்கம். கத்தரிக்கோல் போல முதல் வகைதான். தணல் எடுக்கும் வளைந்த பட்டை இடுக்கி வேறு, அதில் மடிப்பு கடைசியில் இருக்கும், கை நடுவில் பிடிக்கும், அது மூன்றாம் வகை. ஆணி எங்கே, கை எங்கே, பொருள் எங்கே என்று பிள்ளை தொட்டுச் சொல்லட்டும். வகை தானாக வந்துவிடும்.

பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லுங்கள். பாக்குவெட்டி, திருகு வைத்த முறுக்கு அச்சு, சுற்றும் தேங்காய்த் துருவி, எலுமிச்சை பிழிவது, துடைப்பம். வீட்டில் திருகை கிடந்தால் அதைத் தூக்கிவர வேண்டாம், நாமே அந்த வீட்டுக்குப் போய்விடலாம். முளை ஏன் ஓரத்தில் அடித்திருக்கிறது, நடுவில் அடித்தால் என்ன ஆகும் என்று பாட்டிகளிடம் கேட்கவையுங்கள். அருமையாகச் சொல்வார்கள்.

துடைப்பத்தில் விசை நஷ்டம், ஆனால் அதன் நுனி கையைவிட வெகுதூரம் வீசுகிறது. நம் கையே அப்படித்தான். முழங்கை மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளித்தான் மேல்கைத் தசை முன்கையைப் பிடித்து இழுக்கிறது. உள்ளங்கையோ 35 செ.மீ. தூரத்தில். 1 கிலோ அரிசிப் பொட்டலத்தைக் கையில் வைத்தால் தசை அதைப்போல ஏழெட்டு மடங்கு இழுக்கிறது. மற்றொரு கையால் தசையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கல்லாக இறுகியிருக்கும்.

சாய்தளத்துக்கு உங்கள் ஊர்ப் பள்ளி வாசலுக்கே போகலாம். சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளம் பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும். 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. வாசல்படி 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். பிள்ளைகள் டேப் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கட்டும். நான் பார்த்த ஒரு பள்ளியில் இடமில்லை என்று பாதி நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் தானாகச் சக்கரத்தைச் சுற்றி ஏறவே முடியாது. தண்ணீர்க் குடம் ஏற்றிய தள்ளுவண்டியை அதில் தள்ளிப் பார்த்த பிள்ளைகள்தான் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.


யாழ்ப்பாணம் விஞ்ஞான ஆசிரியை

வணக்கம். கிணற்றைப் பற்றிக் கதை வந்ததால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் முந்தி ஒவ்வொரு வளவிலும் துலாக் கிணறு இருந்தது. ஆடுகாலில் (துலாவைத் தாங்கும் தூணில்) நீளமான மரமான துலாவை நடுவே பொருத்தி, ஒரு பக்கம் வாளியும் மறுபக்கம் பாரமும் இருக்கும். வெறும் வாளியை இறக்கத்தான் பலம் வேண்டும், பாரத்துக்கு எதிராகக் கீழே இழுக்கவேண்டும். நிறைந்த வாளி லேசாக மேலே வந்துவிடும். மொத்த வேலை குறையவில்லை. தூக்குகிற நேரத்து வேலையின் ஒரு பங்கை, உடம்புப் பாரத்தால் சுகமாகக் கீழே இழுக்கிற நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது துலாவின் மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், துலா மிதிக்கிறது என்போம். அவர் ஆடுகாலிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக அவருடைய பாரத்தின் பலன் கூடும். ஸ்கேலில் நட்டைத் தள்ளி வைக்கிற அதே விஷயத்தை ஒரு மனிதன் நடந்து செய்கிறான். உங்கள் ஊர்களிலும் ஏற்றம் என்று இதே முறை இருந்தது தெரியும். பிள்ளைகளின் தாத்தாமார் யாராவது ஏற்றம் மிதித்திருந்தால் கூப்பிட்டுப் பேசவையுங்கோ.

சின்னதாகச் செய்வதற்கு ஒரு நேரான தடி, கவர் விட்ட கம்பு, பால்பேணி (தகர டப்பா), ஒரு கல் போதும். பேணி நிறையத் தண்ணீர் இருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் தராசில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, கல்லை எங்கே கட்டினால் இறக்கவும் தூக்கவும் ஒரே அளவு பலம் போதும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. தரம் எட்டுப் பிள்ளைகள்கூட ஒரு பாடவேளை முழுக்க அதிலேயே இருப்பார்கள்.


களக்காடு மாலைவகுப்பு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் தெருமுனையில் அடிபம்பு ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? அப்புறம், இரண்டு கம்பில் கயிற்றைச் சுற்றி ஒரு சின்னப் பிள்ளை பெரிய பையன்களை இழுத்துவிடும் செய்முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை அதையும் செய்யலாம் என்று நினைக்கிறேன் சார். என்ன கயிறு நல்லது?


அம்பாசமுத்திரம் அறிவியல் ஆசிரியர் (ஓய்வு)

அடிபம்பைத் தாராளமாகச் சேருங்கள். இந்தியா மார்க் 2 வகையாக இருந்தால் கைப்பிடியின் நீளம் உள்பக்கத்துக்கு எட்டு மடங்கு. கைப்பிடியை மேலிருந்து கீழ்வரை அழுத்தினால் உள்ளே தண்டு 12.5 செ.மீ.தான் நகரும். கை வந்த தூரத்தைப் பிள்ளைகள் அளக்கட்டும், ஒரு மீட்டரை ஒட்டி வரும். பம்பைப் பழுது பார்க்க ஆள் வரும் நாளில், முன்மூடியைக் கழற்றும்போது உள்ளே சங்கிலியைக் காட்டச் சொல்லுங்கள்.

கயிற்றுக்கு நைலான் வாங்குங்கள், விரல் பருமனில் வழுவழுப்பானது. தேங்காய்நார்க் கயிறு கம்பில் பிடித்துக்கொள்ளும், பாதி பலம் அதிலேயே போய்விடும். கம்புக்குத் துடைப்பக் கட்டையைவிட பி.வி.சி. குழாய் நல்லது, பவுடர் தடவிக்கொள்ளுங்கள். குழாய் வளைகிற மாதிரி மெல்லியதாக இருந்தால் உள்ளே ஒரு கம்பைச் செருகிவிடுங்கள். கயிற்றின் ஒரு முனையை ஒரு குழாயில் கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஆறு இழை வருகிற மாதிரி சுற்றுங்கள், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஆளுக்கொரு குழாயைப் பையன்கள் இரு கையாலும் வெளிப்பக்கமாகப் பிடித்து, எதிரெதிராக நின்று தள்ளி இழுக்கட்டும். விரல்கள் இழைகளுக்கு நடுவில் போகவே கூடாது. சின்னப் பிள்ளை இழுக்கும் முனையைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, பிடித்து இழுத்தால் போதும்.

குழாய்கள் முன்பிருந்ததைவிட 20 செ.மீ. நெருங்கினதும் நிறுத்தச் சொல்லி, பிள்ளை கையில் வந்த கயிற்றை அளந்துவிடுங்கள். 120 வரவேண்டும். நைலான் கொஞ்சம் நீளும், அதனால் அளவு சற்றே கூடிவந்தால் பயப்படவேண்டாம்.